குற்றம் கொக்கியிலா, சேம்பரிலா?

.22 லாங் ரைஃபிள் தோட்டாவின் அடிவிளிம்பு, தோட்டாவின் உடலைத் தாண்டி வெளியே நீண்டிருப்பது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்குதான். விளிம்பின் குறுக்களவு சுமார் 7.06 மி.மீ.; உடலின் குறுக்களவு சுமார் 5.74 மி.மீ. சுட்டு முடித்த காலி கேஸை வெளியே இழுக்க, போல்ட் ரைஃபிளின் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்குக் கிடைக்கும் பிடிமானம் இவ்வளவே. அதுவும் வளையம் முழுவதும் அல்ல, அதில் ஒரு சிறு துண்டு. இத்தனை குறைந்த பிடியை நம்பி ஆயிரக்கணக்கான முறை பிசகில்லாமல் வேலை செய்யும் ஏற்பாடு இது. ஆனாலும் ஒருநாள் கேஸ் உள்ளேயே நின்றுவிட்டால், அல்லது வெளியே வந்தும் விழாமல் போல்ட் முகத்தில் தொங்கினால், ரேஞ்சில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள்: "எக்ஸ்ட்ராக்டர் போயிடுச்சு, மாத்துங்க." விசாரணை இல்லாமல் சொல்லப்படும் இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறானது. கொக்கியை மாற்றுவதால் போகிற பணத்தைவிட, கொக்கியைக் குற்றவாளியாக்கிவிட்டதால் கவனிக்கப்படாமல் போகிற, பேரலில் தோட்டா அமரும் சேம்பர்தான் எனக்குக் கவலை தருகிறது.

முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கேஸைச் சேம்பரிலிருந்து பின்னால் இழுப்பது ஒன்று. இழுத்து வந்த கேஸை ரைஃபிளுக்கு வெளியே தள்ளுவது மற்றொன்று. முதல் வேலையைச் செய்வது எக்ஸ்ட்ராக்டர். இரண்டாவதைச் செய்வது எஜெக்டர், பெரும்பாலான .22 போல்ட் ரைஃபிள்களில் அது அசையாமல் நிற்கும் ஒரு சிறு தகடு அல்லது முனை. போல்ட் பின்னால் வரும்போது கேஸின் இடது விளிம்பு அந்த முனையில் மோத, வலது கொக்கியை அச்சாகக் கொண்டு கேஸ் சுழன்று வெளியேறுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, இரண்டுக்கும் நடுவே பெயரில்லாத மூன்றாவது வேலை ஒன்று இருக்கிறது என்பதுதான். சேம்பரை விட்டு வெளியே வந்த கேஸ் எஜெக்டரைத் தொடும்வரை போல்ட் முகத்தை விட்டு நழுவாமல் இருக்க வேண்டும். சிஇசட் 452, சாவேஜ் மார்க் 2 போன்ற ரைஃபிள்களில் போல்டின் இரு பக்கமும் கொக்கி இருப்பது இதற்காகத்தான். இழுக்கும் பாரம் பெரும்பாலும் வலது கொக்கியின் மேல். இடது கொக்கி கேஸை வலது கொக்கியோடு சேர்த்து அணைத்துப் பிடிக்கிறது. இரண்டையும் இறுக்குவது போல்டைச் சுற்றியிருக்கும் வளைந்த ஸ்பிரிங்.

இந்த மூன்றாவது வேலையை மறந்துவிடுவதால்தான் "எஜெக்டர் சரியில்லை" என்று சொல்லப்படும் ரைஃபிள்களில் எஜெக்டர் நன்றாகவே இருக்கிறது. கேஸ் அதை எட்டுவதற்கு முன்பே நழுவி மேகசின் மேல் விழுந்துவிட்டால் எஜெக்டர் என்ன செய்யும்?

வழக்கமாகச் சொல்லப்படும் பரிகாரங்கள் நான்கு: கொக்கியையும் ஸ்பிரிங்கையும் மாற்றுவது, சேம்பரைப் பாலிஷ் போடுவது, தோட்டாவை மாற்றுவது, எஜெக்டரைக் கொஞ்சம் வளைப்பது. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. ஒவ்வொன்றும் எங்கோ ஒரு ரைஃபிளில் பலன் தந்தும் இருக்கிறது. ஆனால் எங்கோ பலன் தந்தது என்பதால் ஒன்று முதல் பரிகாரமாகிவிடாது. எதை முதலில் செய்வது, எதைக் கடைசிவரை தள்ளிப்போடுவது, எதைச் செய்யவே கூடாது என்று எடைபோட்டால்தான் அது மருத்துவம்.

சேம்பருக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். சுடும்போது பித்தளைக் கேஸ் விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் தணிந்ததும் பித்தளை தன் இயல்பான மீள்திறனால் சிறிது சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் உண்டாக்கும் நூலிழை இடைவெளிதான் கேஸை விடுவிக்கிறது. பெரிய காலிபர் தோட்டாக்களின் உடல் சற்றே கூம்பு வடிவமாக இருக்கும்; கேஸை ஒருமுறை அசைத்துவிட்டால் சுவரை விட்டு முழுவதும் விலகிவிடும். .22 லாங் ரைஃபிளின் உடலோ ஏறத்தாழ நேரான குழாய். அதன் 15.6 மி.மீ. நீளமும் வெளியே வந்து முடியும்வரை சுவரோடு உரசிக்கொண்டே வரும். 1887ல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் இந்தத் தோட்டாவைக் கொண்டுவந்த நாளிலிருந்து இந்த வடிவம் மாறவில்லை. விளிம்புக்குள் வைத்த மருந்தை ஃபயரிங் பின் நசுக்கித்தான் வெடிக்க வைக்க வேண்டும் என்பதால் பித்தளையும் மெல்லியதாகவே இருக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இதன் அழுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு; .30-06 போன்ற தோட்டாவுக்கு அது 60,000. மெல்லிய பித்தளை, நேர் உடல், மில்லிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு பிடி. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், சேம்பர் சுவரில் படியும் சிறு அழுக்குகூட எவ்வளவு பெரிய தடையாகும் என்பது விளங்கும்.

சாட்சி நம் கையிலேயே இருக்கிறது. வெளியே வர மறுத்த கேஸின் விளிம்பை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். கொக்கி பட்ட இடத்தில் பித்தளை கிழிந்தோ மடங்கியோ இருந்தால், கொக்கி முழு பலத்தோடு இழுத்திருக்கிறது, கேஸ்தான் வர மறுத்திருக்கிறது. அங்கே கொக்கி நிரபராதி, குற்றம் சேம்பரில். விளிம்பில் எந்தத் தழும்பும் இல்லாமல் கேஸ் உள்ளே நின்றிருந்தால், கொக்கி அதைப் பிடிக்கவே இல்லை. இந்த ஒரு சோதனைக்கு நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக மதிப்பு தருகிறேன். காசு செலவில்லை, லென்ஸைத் தவிர வேறு கருவி வேண்டாம், ரைஃபிளைக் கழற்றவும் வேண்டாம். ஆனாலும் ரேஞ்சில் காலி கேஸ்களைக் கூட்டிப் பெருக்கிக் குப்பையில் போட்ட பிறகுதான் பழுதைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறோம்.

சேம்பர்தான் குற்றவாளி என்று தெரிந்தபின், அங்கே நடந்தது என்ன என்ற கேள்வி வருகிறது. மிகச் சாதாரணமான பதில் அழுக்கு. போட்டித் தோட்டாக்களின் ஈயக் குண்டில் பூசிய மெழுகும் வெடிமருந்துக் கரியும் சேர்ந்து சேம்பரின் முன்பகுதியில் வளையமாகப் படிகின்றன. லாங் ரைஃபிள் சேம்பரில் .22 ஷார்ட் தோட்டாவை அதிகம் சுட்டவர்களுக்கு இது இன்னும் மோசம். ஷார்ட்டின் கேஸ் 10.7 மி.மீ. நீளம்தான், அதன் வாய்க்கு முன்னால் மீதமிருக்கும் ஏறத்தாழ 5 மி.மீ. சுவரில் கரியும் ஈயமும் ஏறிக் கெட்டியாகும். பிறகு லாங் ரைஃபிள் தோட்டாவை நுழைத்தால் அதன் வாய் அந்த வளையத்தில் போய் இறுகிக்கொள்ளும். பேரலைத் துடைக்கும் பேட்ச் இந்த வளையத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. அதனால் பேரல் பளபளவென்று இருந்தும் சேம்பர் அழுக்காகவே இருக்கலாம். சேம்பருக்கென்று தனியாக வெண்கலப் பிரஷ்ஷும் கரைப்பானும் வைத்து, ஊறவிட்டுச் சுழற்றித் துடைக்க வேண்டும். துடைத்தபின் எண்ணெய்ப் பசை அங்கே தங்கவும் கூடாது.

கடற்கரை ஊர்களில் துரு இரண்டாவது குற்றவாளி. உப்புக்காற்றில் உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் பூட்டி வைத்த ரைஃபிளின் சேம்பரில் புள்ளிப்புள்ளியாகக் குழி விழும். சுடும்போது மெல்லிய பித்தளை அந்தக் குழிகளுக்குள் அமுங்கிப் பிடித்துக்கொள்ளும். இதற்குத் துடைப்பது மருந்தல்ல. குழி ஆழமாகிவிட்டால் பேரலையே மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. என் பார்வையில் மிக முக்கியமானதும் அதுவே. காலி சேம்பரில் விசையை இழுத்துப் பழகும் டிரை ஃபயர் பயிற்சியில், தேய்ந்த அல்லது சரியாக அமைக்கப்படாத ரைஃபிள்களில் ஃபயரிங் பின்னின் நுனி பேரலின் பின்முகத்தில், சேம்பர் விளிம்பிலேயே போய் அடிக்கிறது. ஒவ்வொரு அடியிலும் எஃகு கொஞ்சம் உள்நோக்கித் தள்ளப்பட்டு, சேம்பரின் வாயில் ஒரு பிசிறு எழும்புகிறது. கண்ணுக்கு அது ஒரு சிறு வடுவாகத்தான் தெரியும். ஆனால் உள்ளே போகும் ஒவ்வொரு கேஸையும் அது கீறுகிறது; வெளியே வரும் ஒவ்வொரு கேஸையும் தடுக்கிறது. கேஸின் உடலில் எப்போதும் ஒரே இடத்தில், விளிம்பை ஒட்டி நீளவாட்டில் ஒரு கீறல் விழுகிறதென்றால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அந்தப் பிசிறை அரத்தால் ராவவோ ரீமரால் வெட்டவோ ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. அது வெளியிலிருந்து வந்து ஒட்டிய உலோகம் அல்ல, இடம் பெயர்ந்த உலோகம். வெட்டி எறிந்துவிட்டால் அந்த இடத்தில் விளிம்புக்குத் தாங்கல் இருக்காது. ஃபயரிங் பின் நசுக்க வேண்டிய இடத்தில் அடியில் எஃகு இல்லாவிட்டால் மிஸ்ஃபயர் வரும். அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது அந்த மெல்லிய பித்தளை கிழிந்தால் சூடான வாயு பின்னால் சீறும். இதற்கென்றே சேம்பர் அயர்ன் என்ற கருவி இருக்கிறது. பளபளப்பாக்கிய கடின எஃகுக் கூம்பு அது. உள்ளே செலுத்தித் திருப்பினால் நகர்ந்த உலோகத்தைப் பழைய இடத்துக்கே அழுத்தித் தள்ளும், எதையும் வெட்டாது. பழகிய கை செய்தால் சில நிமிட வேலை. டிரை ஃபயர் பழகுகிறவர்கள் சேம்பரில் ஸ்னாப் கேப் எனும் போலித் தோட்டா ஒன்றை வைத்துக்கொண்டால் இந்த நோயே வராது. பயிற்சியாளர்கள் முதல் நாளிலேயே சொல்லித்தர வேண்டிய பாடம் இது.

இப்போது பாலிஷ் போடும் பரிகாரத்தைப் பார்க்கலாம். துளையிடும் மெஷினில் துணியும் உப்புத்தாளும் சுற்றி சேம்பரைத் தேய்ப்பதை நான் திட்டவட்டமாக எதிர்க்கிறேன். தேய்ப்பது உலோகத்தை எடுப்பது. எடுத்ததைத் திரும்ப வைக்க வழியில்லை. சேம்பர் அகன்றால் கேஸ் இன்னும் அதிகமாக விரியும்; விரிந்த கேஸ் இன்னும் இறுகும். ஒரே ஒரு நிலையில் இதற்கு நியாயம் உண்டு. நன்றாகச் சுத்தம் செய்தபின்னும், சுட்ட கேஸின் உடலில் திருகுச்சுருள் போன்ற வளையக் கோடுகள் அச்சாகப் பதிகின்றன என்றால், தொழிற்சாலையில் ரீமர் விட்டுப்போன கரடுமுரடு சேம்பரில் இருக்கிறது. மலிவான புது ரைஃபிள்களில் இதைப் பார்க்கலாம். அப்போதும் அதைச் செய்ய வேண்டியவர் அளவுகோல் வைத்திருக்கும் ஆர்மரர், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவர்தான்.

கொக்கியின் பக்கத்து நியாயத்தையும் முழுமையாகக் கேட்க வேண்டும். கொக்கி தேய்வது உண்மை, நுனி உடைவது உண்மை, ஸ்பிரிங் சோர்வதும் உண்மை. விளிம்பில் தழும்பே இல்லாமல் கேஸ் உள்ளே நின்றால், அல்லது சேம்பரிலிருந்து சுலபமாக வந்த கேஸ் பாதியில் விழுந்தால், அங்கே விசாரிக்க வேண்டியது கொக்கியைத்தான். அதற்கும் எளிய சோதனை இருக்கிறது. போல்டை வெளியே எடுத்து, சுட்ட காலி கேஸ் ஒன்றைக் கொக்கிகளுக்கு அடியில் நுழையுங்கள். உயிருள்ள தோட்டாவை இந்தச் சோதனைக்குத் தொடவே கூடாது. போல்டைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல ஆட்டினாலும் கேஸ் விழாமல் நிற்க வேண்டும். எஜெக்டர் தொடும் இடத்தில் விரல் நகத்தால் விளிம்பை முன்னோக்கித் தள்ளினால், வலது கொக்கியைச் சுற்றி அது சுண்டிவிட்டதுபோலத் திரும்பி வெளியேற வேண்டும். ஆட்டியதும் விழுந்தால் பிடி போதவில்லை.

அப்போதும் உடனே உதிரிபாகத்துக்கு ஆர்டர் போட்டுவிடக் கூடாது. கொக்கியின் அடியில் மெழுகும் கரியும் கெட்டித்துப்போனால் அது அசைய முடியாமல் நின்றுவிடும். பேரலின் பின்முகத்தில் கொக்கி வந்து அமர வெட்டியிருக்கும் பள்ளத்தில் ஈயச் சீவல் அடைத்திருந்தால் கொக்கி விளிம்பைத் தாண்டிப் போய் உட்காராது. இரண்டின் அறிகுறியும் சோர்ந்த ஸ்பிரிங்கின் அறிகுறியும் ஒன்றேதான். ஒரு மரக்குச்சியும் பழைய பல் பிரஷ்ஷும் தீர்த்துவைக்கக்கூடிய சிக்கலுக்காக வெளிநாட்டிலிருந்து கொக்கி வரும்வரை ரைஃபிளை அலமாரியில் பூட்டி வைப்பது எவ்வளவு பெரிய வீண்! இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல மாடல்களில் இடது கொக்கியும் வலது கொக்கியும் ஒரே வடிவம் அல்ல. வலதின் நுனி கூர்மையாகவும் இடதின் நுனி மழுங்கலாகவும் இருக்கும். சுத்தம் செய்யக் கழற்றியவர் இடம் மாற்றிப் பூட்டிவிட்டால் நல்ல கொக்கிகளே கெட்டதுபோல நடந்துகொள்ளும். இவ்வளவும் பார்த்தபின் பிடி போதவில்லை என்றால் கொக்கியையும் ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றுவது சரி. கொக்கியின் நுனியை அரத்தால் தீட்டிக் கூர்மையாக்குவது சரியல்ல. கோணம் கொஞ்சம் பிசகினாலும் அது விளிம்பைப் பிடிப்பதற்குப் பதில் மேலே ஏறிவிடும்.

தோட்டாவை மாற்றும் பரிகாரம் சோதனையாக நல்லது, தீர்வாக அல்ல. ஒரு வகைத் தோட்டா சிக்கி இன்னொன்று சிக்காமல் வந்தால் அது ஒரு தகவல். விளிம்பின் கனம், பித்தளையின் கடினம், மெழுகின் அளவு எல்லாம் வகைக்கு வகை மாறும். ஆனால் எல்லா வகையும் சரியாக வந்துகொண்டிருந்த ரைஃபிளில் இன்று ஒன்று மட்டும் வருகிறதென்றால், ரைஃபிளில் ஏதோ மாறியிருக்கிறது. அதைத் தேடாமல் தோட்டாவை மாற்றிக்கொண்டு போவது நோயை மறைப்பது. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. போட்டி ரைஃபிள்களின் இறுக்கமான சேம்பரில், தோட்டாவை ஏற்றும்போதே குண்டு பேரலின் வரிகளில் சிறிது பதிகிறது. சுடாமல் அதை வெளியே எடுத்தால் இழுவை கடினமாக இருப்பது இயல்பு, குறை அல்ல. ஆனால் அப்படி எடுக்கும்போது குண்டு உள்ளே தங்கி, கேஸ் மட்டும் வந்து வெடிமருந்து சிந்தினால், அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது. அடைபட்ட பேரலில் சுட்டால் பேரல் உப்பும், வெடிக்கவும் கூடும். ரேஞ்ச் ஆஃபீசரிடம் சொல்லி, பேரல் காலியானதை உறுதிசெய்த பிறகே தொடர வேண்டும். சேம்பரில் சிக்கிய உயிருள்ள தோட்டாவைக் கத்தி முனையால் நெம்புவதும் அதே அளவு ஆபத்து. இந்தத் தோட்டாவில் வெடிக்கும் மருந்து இருப்பதே நெம்புகோல் படும் அந்த விளிம்பில்தான்.

எஜெக்டரை வளைப்பதை நான் பரிகாரமாகவே ஏற்கவில்லை. அசையாத எஜெக்டருக்குச் சொந்த பலம் எதுவும் இல்லை. அது கேஸைத் தள்ளும் வேகம் சுடுபவரின் கை வேகம்தான். படுத்த நிலையில் மெதுவாகப் போல்டை இழுப்பவருக்குக் கேஸ் பக்கத்திலேயே சரிந்து விழும். வேகமாக இழுத்தால் தள்ளிப் போய் விழும். கேஸ் எவ்வளவு தூரம் பறக்கிறது என்பதை ஆரோக்கியத்தின் அளவுகோலாக வைப்பவர்கள் இல்லாத நோய்க்கு மருந்து தேடுகிறார்கள். .303 லீ என்ஃபீல்டை .22 ஆக மாற்றிய நம்பர் 2 மார்க் 4 ரைஃபிளை எண்ணிப் பாருங்கள்; நம் என்.சி.சி. மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகியது அதில். ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் ஏற்ற வேண்டிய அந்த ரைஃபிளில், உள்ளுறுப்பு எடுக்கப்பட்ட மேகசின் பெட்டியே வெளியே வரும் காலி கேஸ்களை வாங்கிக்கொள்ளும் தொட்டி. கேஸ் பறக்கவில்லை என்பது அங்கே யாருக்கும் குறையாகப் படவில்லை. சேம்பரிலிருந்து சுத்தமாக வெளியே வந்ததா என்பதே கேள்வியாக இருந்தது. அதுவே சரியான கேள்வி.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலை ரைஃபிளில் வெண்கலம் வென்ற பிறகு, .22 ரைஃபிளைக் கையில் எடுக்கும் இளையோர் தமிழ்நாட்டுக் கிளப்களிலும் உண்டு. அந்தப் போட்டியின் தகுதிச்சுற்றில் 60 குண்டுகள். கைக்குப் பழகிய ஒரே தாளம் கெடாமல் போல்ட் ஒவ்வொரு முறையும் திறந்து மூட வேண்டும். ஒரு கேஸ் சிக்கினால் போவது நேரம் மட்டும் அல்ல, அடுத்த பத்து குண்டுகளுக்கான மனநிலையும்தான். இந்தப் பிள்ளைகளுக்காகவாவது பழுதை ஒழுங்காகப் படிக்கக் கற்றுத்தர வேண்டும்.

சுத்தமும் சோதனையும் முதலில், பழுதுபார்ப்பு பிறகு என்ற வரிசையைச் சட்டமும் ஆதரிக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிய உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதைத் தடை செய்கிறது. சுத்தம் செய்வதும், காலி கேஸைப் பார்த்து நோயை அறிவதும், தோட்டா வகையை மாற்றிப் பார்ப்பதும் ரைஃபிள் வைத்திருப்பவரின் கையில் இருப்பவை. சேம்பர் அயர்ன், கொக்கி மாற்றம், பாலிஷ் எல்லாம் உரிமம் பெற்ற ஆர்மரரின் வேலை.

என் தீர்ப்பு இதுதான். முதலில் சேம்பரையும் கொக்கியின் அடியையும் முழுமையாகச் சுத்தம் செய்ய வேண்டும்; .22 ரைஃபிளில் நான் மறுக்கவே முடியாத ஒரே முதற்பரிகாரம் அது. அதன்பின் விளிம்பின் தழும்பு சொல்வதைக் கேட்டு, சேம்பர் என்றால் பிசிறைத் தேட வேண்டும், கொக்கி என்றால் ஸ்பிரிங்கோடு சேர்த்து மாற்ற வேண்டும். பாலிஷ் கடைசி, எஜெக்டரை வளைப்பதும் கொக்கியை ராவுவதும் கூடவே கூடாது. கிளப்களுக்கும் சுடுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ரைஃபிளை ஆர்மரரிடம் கொண்டுபோகும்போது, கடைசியாகச் சிக்கிய காலி கேஸ்களையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு, எந்தத் தோட்டா, எத்தனையாவது குண்டில் சிக்கியது என்று எழுதி, கூடவே கொண்டுபோங்கள்.